ஆறாவது பெயர்

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

பாப்பா எழுதுவது. இங்கே எனக்கும் உன் மாப்பிள்ளைக்கும் சளியைத் தவிர வேறு குறை இல்லை. அங்கே நீயும் அண்ணியும் சுகந்தானே? அண்ணியின் முட்டிவலி தேவலையா?

ஃபோன் பண்ணலாம்தான். ஆனால் உனக்கு ஒரு காதில் மெஷின், இன்னொரு காது சுத்தம். நான் 'அரிசி' என்றால் நீ 'பரிசா, யாருக்கு?' என்பாய். நமக்குப் பேனாதான் சரி.

என் வேலையைப் பற்றிச் சொந்தக்காரர்கள் இன்னும் "பில்டிங்ல பிள்ளை தூக்குறா" என்றுதான் சொல்கிறார்களாம். சொல்லட்டும், தூக்கத்தான் செய்கிறேன். பத்து மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. கீழ்த்தளத்தில், நாளைக்குக் கார் நிறுத்தப்போகிற இடத்தில் எங்கள் மையம். நடத்துவது ஒரு தொண்டு நிறுவனம். இடத்தை மட்டும் கம்பெனி விட்டுக் கொடுத்திருக்கிறது. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் நீலத் தார்ப்பாய். சித்தாள் வேலைக்கு வரும் பெண்களின் பிள்ளைகள் முப்பது பேர், ஆறு மாதக் கைக்குழந்தையிலிருந்து ஐந்து வயது வரை. நானும் சமையல் அக்காவும்தான் மொத்த உத்தியோகமும். போன மாதம் நிறுவனத்திலிருந்து பெட்டி நிறையப் பொம்மை வந்தது. எல்லாம் பேட்டரியில் ஓடுவது, பேட்டரி மட்டும் இல்லை. வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஒரு பெண்குழந்தை, நாலு வயது, சிட்டு என்று கூப்பிடுகிறார்கள். கலவை மெஷின் நாள் முழுக்கக் கடகடவென்று ஓடும். அது பொசுக்கென்று நின்றால் எல்லாப் பிள்ளைகளும் தலையைத் தூக்கும், தூங்குகிற கைக்குழந்தைகூட முழித்துக்கொள்ளும். சிட்டு மட்டும் தன் பாட்டுக்குக் கட்டை அடுக்கிக்கொண்டிருப்பாள். ஆனால் மேலே கான்கிரீட் போடும்போது தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பாள். எனக்கு அதைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ காது மெஷின் வேலை பார்க்கிற மருத்துவமனையில் ஏதாவது செய்ய முடியுமா?

உன் பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்
பாப்பா

*

பிப்ரவரி 27

பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. எல்லோரும் சௌக்கியம். அண்ணியின் முட்டி அப்படியே இருக்கிறது. அதனால் மாடியில் துணி காயப்போடும் பதவி எனக்கு வந்திருக்கிறது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அந்தக் குழந்தையின் பின்னால் நின்று ஒரு தட்டைக் கரண்டியால் தட்டிப் பார். காற்றும் படக்கூடாது, நிழலும் விழக்கூடாது. இந்தப் பிள்ளைகள் பலே கெட்டிக்காரர்கள், நிழலைப் பார்த்தே திரும்பிவிடும். ஏழு வயது வரை நானே அப்படித்தான் ஊரை ஏமாற்றினேன். உன்னை மட்டும் ஏமாற்ற முடியவில்லை.

ஜூன் பதினாலாம் தேதி எங்கள் மருத்துவமனையில் இலவச முகாம். ஒரு அறக்கட்டளை மெஷின்கள் தருகிறது. நல்லகாலம், பட்டியல் எழுதுகிற வேலை என்னிடம்தான் இருக்கிறது. சிட்டுவை ஆறாவது பெயராக எழுதிவிட்டேன். வீட்டு முகவரிக் கட்டம் காலியாக இருக்கிறது. எழுதி அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள். சிமெண்டுத் தூசி உனக்கு ஆகாது.

அண்ணன்

*

மார்ச் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். சளி உன் மாப்பிள்ளையை விட்டு என்னிடம் வந்து தங்கிவிட்டது. அண்ணிக்கு முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை வெறும் அனுதாபம்தானா?

நீ சொன்ன மாதிரியே தட்டிப் பார்த்தேன். இருபத்தொன்பது பேர் திரும்பினார்கள். சமையல் அக்கா உள்ளிருந்து "யாரு தட்டை உடைக்கிறது?" என்று ஓடிவந்தாள். சிட்டு திரும்பவில்லை.

சாயங்காலம் அவள் அம்மாவை உட்கார வைத்து, "சிட்டுக்குக் காது கேக்கலைன்னு நினைக்கிறேன்" என்றேன். அவள் கையில் காய்ந்திருந்த சிமெண்டை உரித்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியும் டீச்சர். ரெண்டு வயசுலயே தெரியும். வெளிய சொன்னா ஊமைன்னு பேர் வெச்சிருவாங்க. அதான் நான் அவகிட்ட வாய் மூடாம பேசிக்கிட்டே இருப்பேன். பார்க்கிறவங்க, இவளுக்குக் கேக்குதுன்னு நினைச்சுப்பாங்க."

இரண்டு வருஷமாக அப்படிப் பேசிக்கொண்டிருக்கிறாள், அண்ணா. தலையில் கல் சுமந்துகொண்டு வரும்போதுகூடத் தார்ப்பாயைத் தாண்டுகையில் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவாள். நான் அதை வெறும் வாயாடித்தனம் என்று நினைத்திருந்தேன்.

முகாமைப் பற்றிச் சொன்னேன். "மெஷின் வெச்சா என்னை அம்மான்னு கூப்பிடுவாளா?" என்று கேட்டாள். "கூப்பிடுவா" என்று சொல்லிவிட்டேன். சொல்லலாமா என்று உன்னை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு சிக்கல். அவள் புருஷன் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற சென்ட்ரிங் ஆள். மேல்தளம் முடிந்ததும் மே மாதம் அந்தக் கூட்டமே வேறு இடத்துக்குப் போகிறது. "ஜூன் வரைக்கும் இருந்துருங்க" என்று சொல்லியிருக்கிறேன்.

முகவரி கேட்டாயே. தகரக் கொட்டகை வரிசையில் மூன்றாவது. அதற்கு நம்பர் கிடையாது, தெருவும் கிடையாது. என்ன எழுதுவாயோ, நீயே எழுதிக்கொள்.

பாப்பா

*

ஏப்ரல் 8

பாப்பாவுக்கு,

இங்கே சுகம். ஒத்தடம்தான் கொடுக்கிறேன், உன் அண்ணியைக் கேட்டுப் பார். உன் சளிக்கு ஆவி பிடி.

அந்த அம்மாவிடம் சொல், உடனே கூப்பிட மாட்டாள். முதலில் பயப்படுவாள், மெஷினைப் பிடுங்கி எறிவாள். என் முதல் மெஷினை நான் சாக்கடையில் போட்டதும் அப்பா முழங்கால் வரை இறங்கித் துழாவியதும் உனக்குத் தெரியாததா? ஒரு வருஷம் பொறுமையாகப் பழக்க வேண்டும். அதற்கு நீ இருக்கிறாய்.

காதுக்குள் பொருந்துகிற அச்சு நான்தான் எடுப்பேன். மாவு மாதிரி ஒன்றைக் காதுக்குள் விட்டு, அது இறுகும்வரை ஐந்து நிமிடம் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். இப்போதிருந்தே பழக்கு. காது வளர வளர மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை அச்சு மாற்றவும் வர வேண்டியிருக்கும்.

பதினாலாம் தேதி காலை ஒன்பதுக்குள் வந்துவிடுங்கள். மதியம் வீட்டில் சாப்பிடலாம், அண்ணி சொல்லச் சொன்னாள்.

அண்ணன்

*

மே 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீயும் அண்ணியும் வெயிலில் வெளியே அலையாதீர்கள்.

அசையாமல் உட்காரும் பயிற்சி நடக்கிறது. சிட்டுவுக்கு மட்டும் சொன்னால் அவள் கேட்பாளா? அதனால் எல்லோருக்கும். சமையல் அக்கா பிசைந்து தந்த மாவைக் காதுமடலில் ஒட்டிக்கொண்டு பதினெட்டுப் பேர் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த மேற்பார்வையாளர் அம்மா, "இது பாடத்திட்டத்துல எங்க வருது?" என்று கேட்டார். "காது" என்றேன்.

பதினெட்டு என்று எழுதியதைக் கவனித்தாயா? முப்பது பேர் இருந்தார்கள். கட்டடம் முடிய முடியப் பிள்ளைகள் குறைகிறார்கள். திங்கட்கிழமை வந்தால் எந்தப் பாய் காலியாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. போன வாரம் கொத்தனார் சுவர் பூச வந்தார். நான் சாக்பீஸில் எழுதி வைத்த எழுத்துகளுக்கு முன்னால் நின்றுகொண்டு, "இதை மட்டும் விட்டுட்டுப் பூசட்டுமா டீச்சர்?" என்று கேட்டார். எத்தனை நாளைக்கு விட முடியும்? பூசச் சொல்லிவிட்டேன். ஜூன் கடைசியில் இடத்தைக் காலி செய்யச் சொல்லிக் கம்பெனி கடிதமே கொடுத்துவிட்டது.

சென்ட்ரிங் கூட்டம் போன வியாழக்கிழமை கிளம்பிற்று. சிட்டுவின் அப்பா மூட்டையைக் கட்டி லாரியில் ஏற்றிவிட்டான். அவள் அம்மா குழந்தையோடு கீழேயே நின்றுகொண்டாள். "டீச்சர் சொல்லியிருக்காங்க, ஜூன் பதினாலு முடிஞ்சதும் வரேன்" என்றாள். அவன் என்னைப் பார்த்து, "உங்க வீட்டுப் பொம்பளையா இருந்தா இப்படித் தனியா விடுவீங்களா?" என்று கேட்டான். லாரி போய்விட்டது. அவன் கூட்டத்தோடு வந்த வேலை அவளுக்கு இப்போது இல்லை. மேஸ்திரியிடம் கெஞ்சித் தரை கூட்டும் வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

என் வார்த்தையை நம்பித்தான் இருக்கிறாள், அண்ணா. முகாமுக்கு என்னென்ன காகிதம் கொண்டுவர வேண்டும் என்று உடனே எழுது.

பாப்பா

*

மே 25

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரரிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன். நாலாவது தடவை என்னைப் பார்த்ததும் அவரே கையை விரித்துவிட்டார்.

அண்ணிக்கு ஒன்றும் இல்லையே? உனக்கு?

கொட்டகைகளைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். சிட்டுவும் அம்மாவும் சிமெண்டு கோடவுனில் படுக்கிறார்கள். அந்த அம்மா குழந்தைக்குப் புதுச் சட்டை எடுத்து வைத்திருக்கிறாள். இரண்டு வரி போதும், எழுது.

பாப்பா

*

ஜூன் 4

பாப்பாவுக்கு,

எல்லோரும் சுகம். அண்ணிக்கு முட்டி பரவாயில்லை. இங்கே இரண்டு நாளாக மழை. மாடிக் கதவு ஊறிப்போய்ச் சாத்த வரமாட்டேன் என்கிறது. ஆசாரியைக் கூப்பிட வேண்டும்.

வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. முகாம் கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம் என்று பேச்சு. உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லை. அந்த அம்மாவுக்குப் புருஷனோடு போக வேண்டியிருந்தால் போகட்டும், நீ பிடித்து வைக்காதே. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

*

ஜூன் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? காய்ச்சலா?

'முன்னே பின்னே ஆகலாம்' என்றுதானே எழுதியிருந்தாய், ஆகிவிட்டது என்று எழுதவில்லையே. அதனால் பதினாலாம் தேதி நாங்கள் மூன்று பேரும் கிளம்பி வந்தோம். ஐந்தரை மணி பஸ். சிட்டு ஜன்னல் கம்பியில் கன்னத்தை அழுத்தி வைத்துக்கொண்டே வந்தாள். அந்த அதிர்வு அவளுக்குப் பிடிக்கிறது.

முகாம் நடந்துகொண்டுதான் இருந்தது. வாசலில் காவலாளி பட்டியலை இரண்டு தடவை விரல் வைத்துப் பார்த்தார்.

"இந்தப் பேர் இல்லம்மா."

"ஆறாவது பேர் பாருங்க."

"ஆறாவது வேற யாரோ. மொத்தமே பதினெட்டுதான்."

உன்னைக் கூப்பிடச் சொன்னேன். நர்ஸ் உள்ளே போய் வந்து, "அவர் இன்னைக்கு லீவு" என்றார். மழை பெய்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் வராந்தாவில் நின்றோம். பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டோம். வீட்டுக்கு வரவில்லை, அண்ணியிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

திரும்பும்போது சிட்டு தானாகவே அசையாமல் உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் எங்கே போனோம், எதற்கு என்று அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. காதில் இன்னும் மாவு வைக்கவில்லையே, இனிமேல்தான் என்று நினைத்தாளோ என்னவோ.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பாப்பா

*

ஜூன் 28

பாப்பாவுக்கு,

எனக்குக் காய்ச்சல் இல்லை. அன்றைக்கு லீவும் இல்லை.

இதை எத்தனை தடவை எழுதிக் கிழித்தேன் என்று அண்ணிக்குத் தெரியும். பட்டியலில் நாற்பத்தொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். வந்தது பதினெட்டு மெஷின். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "திரும்பத் திரும்ப வர முடியாதவங்களுக்குக் குடுத்தா மெஷின் வீணாப் போகும். நீயே பார்த்துச் சுருக்கிடுப்பா" என்றார். மே எட்டாம் தேதி உட்கார்ந்தேன். முதலில் வீட்டு முகவரி இல்லாதவர்களின் பெயர்களை அடித்தேன். ஒன்பது பேர். அதில் முதல் பெயர் சிட்டு.

தங்கை சொன்ன குழந்தை என்று அவளை மட்டும் வைத்துக்கொண்டால் மற்ற எட்டுப் பேருக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்தேன். அன்றைக்கு அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. நாலு நாள் கழித்து உன் கடிதம் வந்தது, அந்த அம்மா லாரியில் ஏறாமல் கீழே நின்றுகொண்டாள் என்று. அதைப் படித்த பிறகாவது எழுதியிருக்க வேண்டும். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளித் தள்ளியே மே போய்விட்டது. கேட்கவே இல்லை.

நர்ஸ் வந்து, "உங்க தங்கச்சின்னு ஒருத்தங்க வெளிய நிக்கறாங்க" என்று சொன்னபோது ஒரு பையன் காதில் அச்சு வைத்திருந்தேன். இறுகும்வரை கையை எடுக்கக் கூடாது. அது உண்மை. ஆனால் என் வாய் சும்மாதானே இருந்தது. 'உள்ளே வரச் சொல்லு' என்று சொல்லியிருக்கலாம். லீவு என்று சொல்லச் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முகவரி உள்ள பதினெட்டுப் பேரில் இரண்டு பேர் வரவே இல்லை. மறுநாள் காலையில் கேட்கலாம் என்று போனேன். அதற்குள் அந்த இரண்டு மெஷினையும் பெட்டியோடு அறக்கட்டளைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ரிப்பேருக்கு வந்து யாரும் வாங்கிப் போகாத மெஷின் ஒன்று என்னிடம் இருக்கிறது. இந்தப் பத்து நாளில் அதைச் சரிசெய்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனையில் யாரும் இருக்க மாட்டார்கள், நானே சோதனை பண்ணி அச்சு எடுத்துவிடுவேன். அவர்களைக் கூட்டிக்கொண்டு வா. இல்லை, நானே அங்கே வருகிறேன். நீ எது சொன்னாலும் சரி.

அண்ணன்

*

செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். அண்ணியின் கடிதமும் வந்தது. நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எழுதியிருந்தாள். சாப்பிடு.

பதில் போட இரண்டு மாதத்துக்குமேல் ஆகிவிட்டது. முதலில் கோபம். பிறகு, என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அன்றைக்கு வராந்தாவில் உன் குடை விரித்துக் காயவைத்திருந்தது. கைப்பிடியில் நான் சுற்றிக் கொடுத்த பச்சை நூல். நீ உள்ளேதான் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். சிட்டுவின் அம்மாவிடம் சொல்லவில்லை. உனக்கு எழுதியபோதும் காய்ச்சலா என்றுதான் கேட்டேன், நீயே சொல்ல வேண்டும் என்று.

என் மையத்திலும் முப்பதுக்குமேல் சேர்க்கக் கூடாது என்று ஒரு சட்டம் உண்டு. இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்ற எத்தனையோ பேரை நானும் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதனால் நீ அடித்த கோட்டைப் பற்றி எனக்குப் பேச வாய் இல்லை. ஆனால் நான் அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன், அண்ணா. அவ்வளவுதான் வித்தியாசம். திரும்பிப் போகிறவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

உன் கடிதம் வந்தபோது சிட்டுவும் அம்மாவும் போய் இரண்டு வாரத்துக்குமேல் ஆகியிருந்தது. ஏதோ பாலம் வேலை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்று மட்டும் மேஸ்திரிக்குத் தெரியும். ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் உன் மாப்பிள்ளையும் இரண்டு பஸ் மாறிப் போனோம். அடுப்புக்கல் கறுப்பாகக் கிடந்தது, கொட்டகை இல்லை. அங்கே வேலை முடிந்து அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்களாம். எங்கே என்று கேட்டேன். "கூலிக்காரங்களுக்கு ஊரு பேரெல்லாம் யாரும்மா எழுதி வெக்கிறாங்க?" என்றார் அங்கிருந்த காவலாளி. மெஷினை நீயே வைத்துக்கொள். வேறு குழந்தை வரும். அதற்குக் கொடு.

எங்கள் இடத்தைக் காலி செய்துவிட்டோம். பாய்கள், தட்டுகள், பேட்டரி இல்லாத பொம்மைகள் எல்லாம் நிறுவனத்தின் கோடவுனில். அடுத்த கட்டடத்துக் கம்பெனி இடம் கொடுத்தால் மையம் நடக்கும். இன்னும் கொடுக்கவில்லை. நான் வீட்டில் இருக்கிறேன்.

சிட்டுவின் அம்மா கிளம்பிய நாளைப் பற்றி உன்னிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் பதினெட்டு, காலை. மணல் லாரி ஒன்று புருஷன் இருக்கும் பக்கம் போகிறது என்று சொல்லி மூட்டையோடு வந்து நின்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மெஷின் பத்தாமப் போச்சு, மன்னிச்சிரும்மா" என்றேன். "நீங்க என்ன பண்ணுவீங்க டீச்சர்" என்றாள். என்னைத் தேற்றுகிறாள், அண்ணா, அவள் என்னை.

பிறகு, "நாங்க போற எடத்துல உங்களை மாதிரி ஒரு டீச்சர் இருப்பாங்கல்ல? அவங்களுக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க" என்றாள். வருகைப் பதிவேட்டில் ஒரு தாள் கிழித்து எழுதினேன். இந்தக் குழந்தைக்குக் காது கேட்காது. எதிரில் உட்கார்ந்து, வாய் தெரியும்படி பேசுங்கள். கூப்பிட வேண்டுமென்றால் தோளைத் தொடுங்கள். கணக்கில் கெட்டி, கட்டைகளை நிறம் பார்த்து அடுக்குவாள். தயவுசெய்து காது பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

படித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். "இன்னும் ஒண்ணு சேருங்க டீச்சர். கூப்பிட்டுத் திரும்பலைன்னா அது திமிரு இல்ல, அடிக்க வேண்டாம்னு எழுதுங்க" என்றாள். எழுதினேன். தாளை நாலாக மடித்துச் சிட்டுவின் புதுச் சட்டைப் பையில் வைத்து, ஊக்குக் குத்திவிட்டாள். லாரி கிளம்பும்போதும் குழந்தையிடம் ஏதோ பேசிக்கொண்டேதான் போனாள்.

அவள் வருவதற்கு முன்பே மேஸ்திரியிடம் கேட்டு வைத்திருந்தேன். அந்த இடத்தில் மையம் எதுவும் கிடையாது. டீச்சரும் கிடையாது. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. 'அன்புள்ள டீச்சருக்கு' என்று மேலே எழுதி, கீழே என் கையெழுத்தையும் போட்டுத்தான் கொடுத்தேன்.

பாப்பா